குராய்டன்: 28 பூட்டுகளா, ஒரே ஏற்றமா?

தெற்கு லண்டனின் குராய்டன் கால்வாய் 1809-இல் திறக்கப்பட்டு 1836-இல் மூடப்பட்டது. வாழ்ந்தது 27 ஆண்டுகளே. சுமார் 15 கிலோமீட்டருக்குள் 28 நீர்ப்பூட்டுகள், அதாவது படகை மேட்டில் ஏற்றி இறக்க இருபுறமும் கதவு வைத்த தொட்டிகள்! படகு நுழைய வேண்டும், கதவை அடைக்க வேண்டும், தண்ணீர் ஏறும்வரை நிற்க வேண்டும், மறுகதவைத் திறக்க வேண்டும். சற்று நகர்ந்தால் அடுத்த பூட்டு. படகோட்டியின் பொறுமையை நினைத்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது. போதாததற்கு, ஒவ்வொரு முறையும் ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போய்விடும். அதை ஈடுகட்ட நார்வுட்டில் தனி நீர்த்தேக்கம்.

கால்வாயை வாங்கிய ரயில் நிறுவனம் 1839-இல் வண்டியை ஓட்டியது. அதற்கும் மேடு மேடுதான்: நூறு அடிக்கு ஓரடி ஏற்றம். ஆனால் நிற்காமல் ஏறியது. சரக்குப் படகுகள் ஒதுங்கிய துறையில் இன்று மேற்குக் குராய்டன் ரயில் நிலையம் இருக்கிறது.