தேங்க்ஸ்கிவிங்கா, கிறிஸ்துமஸா?

அமெரிக்கக் குடும்பங்கள் எங்கிருந்தாலும் ஊர் திரும்பி ஒன்றுகூடும் பண்டிகைகள் இவை இரண்டும். என் மனம் சாய்வது நன்றி சொல்லும் நாளான தேங்க்ஸ்கிவிங் பக்கம்தான். பரிசு வாங்கும் கட்டாயம் இல்லை. எந்த மதத்தவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். ஓவனில் முழு வான்கோழி, கிரான்பெர்ரி சாஸ், பூசணிக்காய் வைத்துச் சுட்ட ‘பை’ (pie) என்ற இனிப்பு, நாள் முழுக்கப் பேச்சு. 1863இல் உள்நாட்டுப் போருக்கு நடுவே அதிபர் லிங்கன் இதைத் தேசிய நாளாக அறிவித்தார். 1941இல் நவம்பர் மாத நான்காம் வியாழன் எனச் சட்டமானது. ஐரோப்பியர் குடியேற்றத்தில் நிலத்தையும் உயிர்களையும் இழந்த பூர்வகுடிகள் பலருக்கோ இது துக்க நாள். 1970 முதல் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிளிமத் ஊரில் கூடி அனுசரிக்கிறார்கள். அதை மறந்துவிட்டு விருந்தை மட்டும் புகழ எனக்கு மனம் வரவில்லை.

கிறிஸ்துமஸ் 1870இல் கூட்டாட்சி அரசின் விடுமுறையானது. மரம், விளக்கு, பரிசு என்று சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதுதான் பெரிது. பெற்றோருக்குத்தான் வாரக்கணக்கில் கடை கடையாக அலைச்சல், செலவு.