வீல் ஆர்ச் துரு: "தகரம் வெச்சு வெல்டிங்" என்று காசு வாங்கிக்கொண்டு பட்டி அடித்துக் கொடுக்கிறார்கள்

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஓடும் ஒரு பழைய ஹேட்ச்பேக். பின்வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கும் பாடித் தகரம்) இரண்டிலும் துரு. டிங்கரிங் பட்டறையில் பேசியது: துருப்பிடித்ததை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங், பிறகு பெயிண்ட், மொத்தம் 14,000 ரூபாய். வண்டி பளபளவென்றுதான் வந்தது. ஐப்பசி மழை ஓய்வதற்குள் அதே இடத்தில் கொப்புளம். விரலால் அழுத்தினால் பெயிண்ட் உள்ளே போகிறது. போய்க் கேட்டால், "கடல் காத்து சார், நாங்க என்ன பண்றது?"

வேறு பட்டறையில் கிரைண்டர் வைத்துத் திறந்தபோது வந்தது இது: மேலே பெயிண்ட், கீழே விரல் தடிமனுக்குப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை), அதற்கடியில் ஃபைபர் துணி, ஓட்டையை அடைக்கத் திணித்த சீட் பஞ்சு. வெல்டிங் ஒரு பொட்டுக்கூட இல்லை. உள்பக்கம், வண்டியின் அடிப்பகுதிக்குப் பூசும் கறுப்பு அண்டர்கோட்டிங் தாராளமாக அடித்திருந்தார்கள். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியதும் துரு செதில் செதிலாக அதோடு சேர்ந்தே பெயர்ந்து வந்தது.

கடல் காற்று பொய்யில்லை. ஆனால் உப்புத்தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பஞ்சைத் தகரத்தோடு ஒட்டி வைத்தது காற்று அல்ல.

இந்த இடத்தில் துரு பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. வெளித்தகரமும் உள்ளே இருக்கும் வீல் ஹவுஸ் தகரமும் ஆர்ச் விளிம்பில் சேர்ந்து மடிந்து, ஸ்பாட் வெல்டிங்கில் நிற்கின்றன. டயர் வாரியடிக்கும் சேறு அந்த மடிப்பில் தங்கி ஈரம் காயாமல் கிடக்கும். மடிப்பை அடைத்திருக்கும் சீலன்ட் விரிசல் விட்டதும் இரண்டு தகரத்துக்கும் நடுவில் அரிப்பு தொடங்கிவிடும். வெளியே மிளகளவு கொப்புளம் தெரிகிறதென்றால் பின்னால் பெரும்பாலும் ஓட்டையே விழுந்திருக்கும். அதனால்தான் வெளியே மட்டும் தேய்த்துப் பூசும் வேலை நிற்பதில்லை. துருவின் மேல் பூசும் ரசாயனமான ரஸ்ட் கன்வர்ட்டரும் மேலோட்டமான துருவுக்குத்தான். செதில் விட்ட தகரத்தில் அடிப்பது வீண்.

சரியான வேலை இப்படி நடக்கும். சக்கரத்தைக் கழற்றி, பிளாஸ்டிக் லைனர் இருந்தால் அதையும் எடுத்து, சேற்றைக் கழுவிக் காய வைக்க வேண்டும். துரு தெரியும் இடத்தைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் நல்ல தகரம் வரை வெட்ட வேண்டும். முதலில் உள்தகரம், அப்புறம்தான் வெளித்தகரம். பேட்ச் 0.8 மில்லிமீட்டர் சிஆர் (கோல்ட் ரோல்டு) ஷீட் போதும். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து வெட்டிய ஆர்ச் பீஸ் வாங்குவதென்றால் அதன் மடிப்பையும் பாருங்கள். அங்கேயும் துரு உட்கார்ந்திருக்கும்.

வெல்டிங் கோ2-வில்தான் (கார்பன் டை ஆக்சைடு வாயுவோடு கம்பியை உருக்கி ஒட்டும் மிக் வெல்டிங்). காஸ் வெல்டிங்கில் சூடு பரவி மெல்லிய தகரம் நெளியும், அந்த நெளிவை மறைக்க மறுபடி பட்டி. கோ2-விலும் ஒரே இழுப்பாக இழுக்காமல், தள்ளித் தள்ளிப் பொட்டு வைத்து ஆறவிட்டு இடைவெளியை நிரப்ப வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவ் கழற்றியாக வேண்டும். பெட்ரோல் மூடி உள்ள பக்கமென்றால் ஃபில்லர் குழாயை இறக்காமல் நெருப்பு காட்ட விடாதீர்கள். சீட், டிரிம், கார்ப்பெட் எல்லாம் வெளியே.

தேய்த்த வெறும் தகரத்தில் முதலில் டூ-கே (இரண்டு பாகம் கலந்து அடிக்கும்) எபாக்சி பிரைமர், அதன் மேல் பட்டி. பட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால் டிங்கரிங் சரியில்லை என்றே அர்த்தம். பட்டியை இறுக வைக்கும் ஹார்டனர் நூறு கிராம் பட்டிக்கு இரண்டு கிராம். சீக்கிரம் காயட்டும் என்று கூடப் போட்டால் பெயிண்டின் மேல் கறை எழும். நம் பட்டறைகளில் சர்வ சாதாரணமாக நடக்கும் இன்னொன்று, பட்டியைத் தண்ணீர் பேப்பரில் தேய்ப்பது. பாலியெஸ்டர் பட்டி தண்ணீரை உறிஞ்சும். முழுக்கக் காயாமல் அதன் மேல் பிரைமர் அடித்தால் ஈரம் உள்ளேயே சிறைப்படும், கொப்புளம் அங்கிருந்துதான் கிளம்பும். பட்டிக்கு 80, பிறகு 180 எமரி, உலர்வாக. தண்ணீர் பேப்பர், பட்டிக்கு மேலே அடிக்கும் சர்ஃபேசர் பிரைமருக்கு மட்டும்.

உள்பக்க இணைப்பில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பாலியூரிதேன் சீம் சீலர், அதன் மேல் அண்டர்கோட்டிங். பெயிண்ட் வேலை முடிந்த பிறகு டிக்கி பக்கமிருந்து இடுக்குக்குள் துருவைத் தடுக்கும் கேவிட்டி வேக்ஸ். இதைத்தான் யாரும் செய்வதில்லை, கேட்டு வாங்க வேண்டும். வேக்ஸ், அண்டர்கோட்டிங் எதுவும் வடிகால் ஓட்டையை அடைக்கக் கூடாது.

"வெல்டிங் முடிந்ததும், பிரைமர் அடிக்கும் முன் நான் வந்து பார்ப்பேன்" என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். முகம் சுளிக்கிற பட்டறையில் வண்டியை விடவே வேண்டாம். வர முடியாவிட்டால் உள்ளும் வெளியுமாக போட்டோ கேளுங்கள், நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி.

வண்டி எடுக்கும்போது துணி சுற்றிய சின்னக் காந்தத்தை ஆர்ச் நெடுக ஓட்டுங்கள். ஒட்டாத இடம் பட்டி. விரல் கணுவால் தட்டினால் தகரம் கணீரென்று கேட்கும், பட்டி மொத்தென்று. பெயிண்ட் தடிமன் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது: கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான், ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே இருப்பது பட்டி. பில்லில் "பெயிண்டிங் சார்ஜ்" என்று ஒற்றை வரி போட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தகரம் வெட்டியது, வெல்டிங், சீலர், பெயிண்ட் தனித்தனி வரியாக இருந்தால்தான் பிறகு கேட்க வாய் இருக்கும். மேலே சொன்ன வண்டியின் பில்லில் அந்த ஒற்றை வரிதான் இருந்தது. பணம் திரும்பவில்லை.