செங்கோட்டையில் ஒரு காயில் கடை: முன்னாள் ராணுவ மெக்கானிக்கின் வேலைத்தரம்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு போகும் வழியில், பெயர்ப்பலகைகூட இல்லாத மோட்டார் காயில் கட்டும் கடை இது. நடத்துபவர் ராணுவத்தின் வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். எண்பதைத் தாண்டியும் கை நடுங்காது.

5 எச்.பி. மூன்று பேஸ் மோட்டாரைக் கொண்டுபோனால், எரிந்த காயிலைப் பார்த்தே காரணம் சொல்லிவிடுவார். ஸ்டார் இணைப்பில் (மூன்று பேஸ் காயில்களின் ஒரு முனை ஒன்றாகச் சேரும் முறை) இரண்டு பேஸ் கருகி ஒன்று மட்டும் புதுசாக இருந்தால், லைனில் ஒரு பேஸ் வராமல் போயிருக்கிறது. மூன்றும் ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு அல்லது லோ வோல்டேஜ். ஸ்டேட்டரில் (காயில் உட்காரும் அசையாத இரும்புப் பகுதி) உரசல் தடம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் காயில் மட்டும் மாற்றினால் திரும்பவும் எரியும். இதை விளக்காமல் வேலையைத் தொடமாட்டார்.

பழைய கம்பியைத் தீ வைத்து எரித்து உருவுவதில்லை. அதிகச் சூட்டில் ஸ்டேட்டர் தகடுகளுக்கு இடையிலுள்ள இன்சுலேஷன் கெட்டு, அப்புறம் மோட்டார் சும்மா ஓடினாலே கொதிக்கும். சுற்று எண்ணி, எனாமலைச் சுரண்டி மைக்ரோமீட்டரில் கம்பியின் கேஜ் (தடிமன்) பார்த்து, அதே கம்பியைத்தான் போடுகிறார். வார்னிஷ் நன்றாகக் காய்ந்த பிறகே மெகர் டெஸ்ட் (இன்சுலேஷன் சோதனை). அதனால் மூன்று நாள் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஓவர்லோடு ரிலேயை (கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்தும் கருவி) மோட்டார் தகட்டிலுள்ள ஆம்பியருக்கே வையுங்கள்.

குறை ஒன்று: பில் கிடையாது, துண்டுச்சீட்டுதான். கார்த்திகை, மார்கழியில் நாலு மணிக்கே கடை அடைத்துவிடும். ஐயப்ப பக்தர்களின் அன்னதானப் பந்தலில் வயரிங், ஜெனரேட்டர் எல்லாம் அவர் பொறுப்பு, கூலி வாங்குவதில்லை. அந்த மாதங்களில் காலையிலேயே போய்விடுங்கள்.