ஒரு பயோட்டின் பாட்டிலின் லேபிளைப் படித்தபோது

கூந்தல் வளர்ச்சிக்கென அமெரிக்காவில் விற்கப்படும் பயோட்டின் (பி வைட்டமின்களில் ஒன்று) மாத்திரை ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை சட்டமே இடம் கொடுப்பவை, அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல.

மாத்திரை சிறியது, வாடை இல்லாதது, விழுங்க எளிது. அதைப் பற்றி அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது லேபிளை.

முன்பக்கத்தில் "ஆரோக்கியமான கூந்தலுக்குத் துணைபுரிகிறது" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி இட்டிருக்கிறார்கள். பாட்டிலைத் திருப்பினால், அதே குறியுடன் ஒரு கட்டத்துக்குள் பொடி எழுத்தில், இக்கூற்றை எஃப்.டி.ஏ. (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) மதிப்பிடவில்லை என்றும், எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ தடுக்கவோ இது உருவாக்கப்படவில்லை என்றும் இருக்கிறது. இது 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கிய வாசகம். அச்சட்டம் இத்தகைய ஊட்டச்சத்துச் சப்ளிமென்டுகளை மருந்தோடு சேர்க்காமல் உணவோடு சேர்த்தது; ஆகவே ஒரு மாத்திரை பாதுகாப்பானது, பயன் தருவது என்று விற்பனைக்கு முன்பே நிரூபித்து ஒப்புதல் பெற வேண்டிய கட்டாயம் தயாரிப்பாளருக்கு இல்லை. இத்தகைய கூற்றைப் பற்றி, விற்பனை தொடங்கி 30 நாள்களுக்குள் எஃப்.டி.ஏ.வுக்குத் தகவல் கொடுத்தால் போதும்.

லேபிளில் என்னை மிகவும் உறுத்திய வரி, "எஃப்.டி.ஏ.வில் பதிவு பெற்ற ஆலையில் தயாரானது" என்பது. உணவு தயாரிக்கும் ஆலைகள் பதிவு செய்துகொள்வது சட்டப்படியான கடமை. அந்தப் பதிவு தரச்சான்றும் அல்ல, ஒப்புதலும் அல்ல. வரி பொய்யில்லை. ஆனால் வாங்குபவர் அதைப் படித்ததும் அரசு சோதித்துப் பார்த்து அனுமதித்த மாத்திரை என்றே எடுத்துக்கொள்கிறார், அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் அது அங்கே அச்சிடப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து.

கட்டுப்பாடே கிடையாது என்று சிலர் சொல்வதும் சரியல்ல. தயாரிப்பு முறைகளுக்கான விதிகள் 2007-இல் வந்தன. கடுமையான பக்கவிளைவு தெரியவந்தால் 15 வேலை நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. எஃபெட்ரா என்ற மூலிகை கலந்த சப்ளிமென்டுகளை எஃப்.டி.ஏ. 2004-இல் தடை செய்தது. எனினும் பொருள் கடைக்கு வந்த பிறகு, அது ஆபத்தானது என்று காட்டும் பொறுப்பு அரசின் தலையில்தான் விழுகிறது.

இனி அளவுக்கு வருவோம். ஒரு மாத்திரையில் 10,000 மைக்ரோகிராம்; லேபிள்களில் கணக்கிடுவதற்கு அடிப்படையான அன்றாட அளவோ 30 மைக்ரோகிராம். லேபிளின் சத்துப் பட்டியலில் 33,333% என்றே அச்சாகியிருக்கிறது. பயோட்டின் குறைபாடு அரிது, குறைபாடு இல்லாதவருக்கு இது கூந்தலை வளர்க்கும் என்பதற்கு வலுவான சான்றும் இல்லை. அதைவிடக் கவலை தருவது வேறொன்று: அதிக அளவு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைப் பிறழச் செய்யும் என்று 2017-இல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டறிய ரத்தத்தில் அளக்கப்படும் ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவு உள்ளதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். தைராய்டு முடிவுகளும் தவறாக வரலாம். இந்தப் பாட்டிலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதை உட்கொள்பவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

லேபிளில் உள்ளதுதான் மாத்திரையிலும் இருக்கிறதா என்று சோதித்துத் தரும் யு.எஸ்.பி. போன்ற வெளி அமைப்பின் முத்திரையும் இதில் இல்லை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன். அந்த முத்திரையும் பரிசோதனை பற்றிய எச்சரிக்கையும் சேர்ந்தால் மூன்று தரலாம்.