கடத்து அணியா, சிதறல் அணியா?

இரு அரைக்கடத்திகளை மெல்லிய படலங்களாக மாறி மாறி அடுக்கும் சூப்பர்லாட்டிஸ் என்ற யோசனையை எசாகியும் ட்ஸுவும் 1970இல் முன்வைத்தார்கள். அதில் ஒரே மாதிரியான ஆற்றல் தடைகள் வரிசையாக நிற்க, எலக்ட்ரான் எந்த ஆற்றலில் ஊடுருவும் என்று கணக்கிட இரண்டு அணி முறைகள் உண்டு.

கடத்து அணி, இடப்பக்க அலைகளை வலப்பக்க அலைகளோடு இணைக்கும். ஓர் அலகுக்கு (ஒரு தடையும் அடுத்த இடைவெளியும்) அணியை எழுதிவிட்டால் போதும், எத்தனை அலகுகளோ அதை அத்தனை முறை பெருக்கிய அடுக்கு. அடுக்கையும் பெருக்கிப் பார்க்க வேண்டாம். செபிஷேவ் பல்லுறுப்புக்கோவை என்ற ஆயத்தச் சூத்திரம் விடையை ஒரே வரியில் தந்துவிடும். 5 தடைகள் என்றால், அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு ஆற்றல் பட்டையிலும் முழு ஊடுருவல் நிகழும் 4 உச்சிகள். ஓர் அலகு அணியின் மூலைவிட்டக் கூடுதலின் அளவு 2ஐத் தாண்டினால் அது தடைப் பட்டை, அதாவது அனுமதிக்கப்படாத ஆற்றல் பகுதி. இந்த அழகு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சிக்கல் எங்கே? தடைக்குள் வளரும் அடுக்கேற்றமும் (எக்ஸ்போனென்ஷியல்) தேயும் அடுக்கேற்றமும் ஒரே அணியில் உட்கார்ந்திருக்கின்றன. ஒற்றைத் தடத்தில் (ஒரே வகை அலை மட்டும் செல்லும்போது) பெரும்பாலும் சமாளித்துவிடலாம். கன துளை, லேசான துளை (நிறை வேறுபடும் இருவகை நேர்மின் ஏந்திகள்) என்று பல தடங்கள் கலந்தால், கணினியின் 16 இலக்கத் துல்லியத்தில் சிறிய எண்கள் கரைந்துபோகும்.

சிதறல் அணி, உள்வரும் அலைகளை வெளியேறும் அலைகளோடு இணைப்பதால் தேயும் அடுக்கேற்றம் மட்டுமே வரும். விடை உடையாது. ஆனால் சும்மா பெருக்க முடியாது. ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு நேர்மாறு அணி வேண்டும். அலுப்புதான்.

கையால் போடும் கணக்குக்கும் ஒற்றைத் தடத்துக்கும் கடத்து அணியே போதும். நிரல் எழுதுகிறீர்களா, தடங்கள் பலவா? அப்போது தயங்காமல் சிதறல் அணிக்குப் போங்கள். அலகுத் தொகுதியை அதோடே இணைத்து இரட்டித்துக்கொண்டே போனால் 64 அலகுகளுக்கு 6 இணைப்புதான்.