"முடிந்தது" என்ற ஒரு சொல்லும் ஒரு கிரேக்கச் செயலியும்

புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் படிப்பதற்காக ஆண்டுச் சந்தா கட்டி ஆறு மாதமாகப் பயன்படுத்திவரும் கைப்பேசிச் செயலி ஒன்றைப் பற்றி, அதன் பெயரைத் தவிர்த்து, எழுதுகிறேன். பெரிய வெள்ளி தியானத்துக்காக யோவான் 19:30இல் இயேசு சிலுவையில் சொல்லும் "முடிந்தது" என்ற சொல்லை அதில் அலசியபோதுதான் அதன் தரம் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

இலக்கணப் பகுதி அருமை. "முடிந்தது" என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள "டெடெலெஸ்டாய்" என்ற சொல்லைத் தொட்டவுடன், முன்னால் இரட்டித்து நிற்கும் "டெ", வினையடி, விகுதி ஆகியவை தனித்தனி நிறத்தில் பிரிந்து தெரிகின்றன. கீழே "வி-ஆர்பிஐ-3எஸ்" என்ற குறியீட்டைத் தட்டினால், நிறைவுக் காலம், செயப்பாட்டு வினை, படர்க்கை ஒருமை என்று விரிகிறது. செயல் முடிந்துவிட்டது, முடிந்த நிலை இன்னும் நீடிக்கிறது என்பதே இக்காலத்தின் பொருள். நம் பழைய மொழிபெயர்ப்பு, இதே காலத்தில் அமைந்த "கெக்ராப்டாய்" என்பதை மத்தேயு 4:4இல் "எழுதியிருக்கிறதே" என்று "இரு" சேர்த்துத் தருகிறது. சிலுவையில் மட்டும் வெறும் "முடிந்தது" என்கிறது. கடைசி மூச்சில் வரும் சொல்லுக்கு அந்தச் சுருக்கமே பொருத்தம் என்பது என் எண்ணம். 28ஆம் வசனத்தில் "எல்லாம்" என்ற பன்மைக்கு இதே ஒருமை வினை வருவதற்கும் செயலி விளக்கம் தருகிறது. கிரேக்கத்தில் அஃறிணைப் பன்மை எழுவாய் பெரும்பாலும் ஒருமை வினையையே கொள்ளும். "எல்லாம் முடிந்தது" என்று பேசும் நமக்கு அது புதிதல்ல.

அகராதிப் பகுதிதான் ஏமாற்றம். இச்சொல் "கடன் முழுவதும் செலுத்தப்பட்டது" என்று அக்கால ரசீதுகளில் எழுதப்பட்டதாக, பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் கதையை, ஆதாரமாக ஒரு பாப்பிரஸ் (பழங்கால நாணல்தாள் ஆவணம்) எண்கூடக் குறிப்பிடாமல், முதல் பொருளாகப் போட்டிருக்கிறார்கள். "டெடெலெஸ்டாய்" பிறந்த "டெலெஓ" என்ற வினைக்கு வரி செலுத்துதல் என்ற பொருள் உண்டு என்பது உண்மை. மத்தேயு 17:24, ரோமர் 13:6 இரண்டிலும் அப்படியே வருகிறது. ஆனால் அங்கெல்லாம் செலுத்தப்படுவது இன்னதென்று வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. யோவானிலோ, இரண்டு வசனம் முன்னால் இதே வடிவம் "எல்லாம்" என்ற எழுவாயோடு வரும்போது, எல்லாம் செலுத்தப்பட்டது என்று வாசிக்க முடியுமா?

வினையடித் தேடலும் சறுக்குகிறது. 28ஆம் வசனத்தில் வேதவாக்கியம் "நிறைவேற" என்பதற்கு வருவது "டெலெயோஓ" என்ற வேறு வினை; செயலி இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்துவிடுகிறது. யோவான் சுவிசேஷத்தில் "டெலெஓ" 28, 30 ஆகிய இந்த இரண்டே வசனங்களில்தான் வருகிறது என்ற முக்கியமான செய்தி அந்தக் கலவையில் காணாமல் போகிறது. ஒலிப்பு பரவாயில்லை.

சந்தாவைப் புதுப்பிக்கத்தான் போகிறேன். அகராதிக் குறிப்புகளை மட்டும் அமைப்புகளில் அணைத்து வைத்திருக்கிறேன்.