மாவுச்சத்துப் பை: உதிரி மல்லிக்குச் சரி, ஈரச் சரத்துக்கு ஆகாது

மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் மொட்டு எடுத்து, புதூரில் கடை போட்டு விற்கிறேன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பாலிதீன் பைக்குத் தடை. சரத்தைத் தாமரை இலையில் மடித்துக் கொடுத்துவிடலாம். உதிரிப் பூவுக்குத்தான் பை வேண்டியிருக்கிறது. அதற்குக் கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் மாவுச்சத்துப் பை வாங்குகிறேன். விலை பாலிதீனைப் போல இருமடங்கு. ஆனாலும் விடுவதாக இல்லை.

காரணம், மல்லி. பாலிதீனுக்குள் மொட்டு வேர்த்துவிடும். ஓரத்து மொட்டுகள் பழுப்பேறி நசநசத்துப் போகும். இந்தப் பை நீராவியை ஓரளவு வெளியே விடுகிறது. திருமங்கலத்துக்கு வாங்கிப் போகும் அக்கா ஒருவர், "தம்பி, பிரித்தபோதும் மொட்டு வெள்ளையாகவே இருந்தது. இனி இதிலேயே போட்டுக் கொடு" என்றார்.

தண்ணீர் தெளித்த சரத்தைப் போட்டால் கதை வேறு. அடிப்பகுதி தொய்கிறது, பையின் காது நீள்கிறது. மாவுச்சத்து தண்ணீரை இழுக்கும். என் மகள் கல்லூரி ஆய்வகத்தில் மரவள்ளி மாவைத் தண்ணீர், கிளிசரின், கொஞ்சம் வினிகர் சேர்த்துக் காய்ச்சி, கண்ணாடியில் பரப்பித் தாள் எடுத்தாள். கிளிசரின் சேர்க்காத தாள் அப்பளம்போல் நொறுங்கியது. சேர்த்தது வளைந்தது, ஆனால் ஈரம் பட்டதும் குழைந்தது. அதனால்தான் கடைப் பைகளில் மாவுச்சத்தோடு மக்கும் பாலியெஸ்டரையும் கலக்கிறார்கள்.

"பழத்தோலில் செய்தது, அண்ணாச்சி" என்றுதான் கடைக்காரர் கொடுத்தார். கட்டின் மேல் அச்சிட்டிருப்பதோ மக்காச்சோள மாவுச்சத்து. வாழைக்காய்த் தோலிலும் மாங்கொட்டைப் பருப்பிலும் மாவுச்சத்து உண்டு, அதில் தாள் செய்யவும் முடியும். ஆனால் இருப்பதைச் சொல்லி விற்க வேண்டும். பையில் மக்கும் தன்மைக்கான குறிப்பும் ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கிழிந்த பைகளை வாடிய பூவோடும் சாணத்தோடும் உரக்குழியில் போடுகிறேன். துண்டு துண்டாகிக் கரைகின்றன. சூடும் ஈரமும் நுண்ணுயிரும் கூடினால்தான் அது நடக்கும். வைகைக் கரையில் வீசினால் இதுவும் நெடுநாள் கிடக்கும். வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

கால் கிலோ அளவுப் பையே போதும். அதற்கு மேல் என்றால் மஞ்சப்பை கொண்டுவரச் சொல்லுங்கள். தயாரித்த மாதத்தையும் பாருங்கள். பழைய சரக்கு மடிப்பிலேயே கிழிகிறது.